எலிக் கூண்டும் ஒரு சீட்டும்

போன மாதம் மிளகுக் கொடியைப் பற்றி எழுதினேன். பல பேர் போனில் கூப்பிட்டுப் பேசினீர்கள். இந்த மாதம் எலி. முகம் சுளிக்க வேண்டாம். வயல் எலியும் இல்லை, வீட்டு எலியும் இல்லை; ஆராய்ச்சிக்கூடத்து வெள்ளை எலி. அதிலும் எலியைவிட, அதன் கூண்டில் தொங்கும் உள்ளங்கை அகலச் சீட்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

"இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள். படித்த பெரிய மனிதர்களே என்னிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். கீழ்நாட்டில் ஒரு கல்லூரியின் விலங்குக் கூடத்தில் 29 வருஷம் வேலை பார்த்தேன். பதவியின் பெயர் நடுவில் இரண்டு முறை மாறியது. வேலை மாறவில்லை: கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தீனி வைப்பது, தண்ணீர்ப் புட்டி நிரப்புவது, சீட்டு எழுதுவது. அப்போது பதில் சொல்லும் இடத்தில் நான் இல்லை. இப்போது பென்ஷன்காரன். சோளக்காட்டில் உட்கார்ந்துகொண்டு தாராளமாகச் சொல்லலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், பக்கத்து வீட்டுப் பேத்தி விடுமுறைக்கு மலைக்கு வந்திருந்தாள். பார்மஸி படிக்கிறாள். "தாத்தா, நீங்கள் எலியோடு இருந்தவராமே" என்று பேச வந்தவளிடம் அவர்கள் கூண்டில் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டேன். "ஜி ஒன்று, ஜி இரண்டு, ஜி மூன்று என்று மார்க்கரில் எழுதுவோம் தாத்தா" என்றாள். எதன் மேல் எழுதுவீர்கள்? "மூடியில் ஒரு டேப் ஒட்டி அதன் மேல்." தேதி? இல்லை. என்ன மருந்து? இல்லை. யாருடைய எலி? "எல்லாருக்கும் தெரியும் தாத்தா."

எல்லாருக்கும் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது என்பதற்கு இன்னொரு பெயர். குழந்தையைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களையும், அவர்களுக்கு மேலே கையெழுத்துப் போடுகிறவர்களையும்தான் சொல்கிறேன். கூண்டுச் சீட்டை ஆபீஸ் காகிதம் என்று இவர்கள் நினைக்கிறார்கள். ஆராய்ச்சி முழுக்க அந்தச் சீட்டின் மேல்தான் நிற்கிறது என்பது என் கட்சி. சீட்டு தப்பானால், அதற்குப் பிறகு எழுதிய கட்டுரை, போட்ட கணக்கு, வாங்கிய டாக்டர் பட்டம் எல்லாம் தப்பு.

பார்க்காதவர்களுக்குக் கூடம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அடுக்கடுக்காக இரும்பு ராக். ஒவ்வொரு தட்டிலும் பிளாஸ்டிக் தொட்டி போன்ற கூண்டுகள். மேலே எவர்சில்வர் கம்பி மூடி. மூடியிலேயே ஒரு பள்ளம் இருக்கும்; அதில் தீனி வில்லையும் தண்ணீர்ப் புட்டியும். உள்ளே நெல் உமி பரப்பியிருக்கும். ஒரு கூண்டில் மூன்று நான்கு எலி. எல்லாம் வெள்ளை, எல்லாவற்றுக்கும் சிவந்த கண். இரண்டு கூண்டைப் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. நம் ஆட்டுப்பட்டியில் செம்மறி வெள்ளாடு தெரியும், கொம்பு வளைவு தெரியும், காதில் போட்ட வெட்டு தெரியும். இங்கே சீட்டை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் எலி.

அந்தச் சீட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது ரகசியம் இல்லை. எந்த இனம், எங்கிருந்து வந்தது, ஆணா பெண்ணா, பிறந்த தேதி அல்லது வந்த தேதி, எத்தனை எலி, ஒவ்வொன்றின் எண், எந்த ஆராய்ச்சி, நெறிக்குழு அனுமதி எண், பொறுப்பாளர் யார், அவர் போன் என்ன, என்றைக்கு என்ன கொடுக்கத் தொடங்கினார்கள். பத்துப் பதினோரு வரி. எழுத மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தை மிச்சம் பிடித்துத்தான் மூன்று வருஷ ஆராய்ச்சியைக் குப்பையில் போடுகிறார்கள்.

எப்படி என்று கேளுங்கள். வாரம் இரண்டு நாள் கூண்டு மாற்றும் நாள். எலியை வாலடியில் பிடித்துத் தூக்கிப் புதுக் கூண்டில் விட வேண்டும். பழைய கூண்டும் மூடியும் கழுவப் போகும். சீட்டு எலியோடு போக வேண்டும். மூடியில் ஒட்டிய டேப் எங்கே போகும்? மூடியோடு கழுவுமிடத்துக்குப் போகும். முப்பது மூடியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அடுக்கி எடுத்து வரும்போது, 'ஜி இரண்டு' என்று அரைகுறையாக அழிந்த மூடி எந்தக் கூண்டின் மேல் உட்காரும் என்பதை ஆண்டவன்தான் அறிவான்.

அதனால்தான் பழைய ஆட்கள் சொல்வோம்: சீட்டை மூடியில் வைக்காதே, தண்ணீர்ப் புட்டி சொட்டும் பக்கம் வைக்காதே, கம்பிக்குள் இழுக்கிற மாதிரி வைக்காதே. எலி அட்டையை இழுத்துக் கடித்துத் தூளாக்கி மெத்தை போட்டுக்கொள்ளும். காலையில் வந்து பார்த்தால் அனுமதி எண்ணின் மேல் குட்டி தூங்கும். கூண்டின் முன்பக்கம், வெளியே, உலோகச் சட்டத்தில் செருகி, பென்சிலிலோ தண்ணீரில் கரையாத மையிலோ எழுதியிருக்க வேண்டும். இதற்கு விஞ்ஞானம் வேண்டாம். அரிசி மூட்டைக்கு அடையாளம் வைக்கிற புத்தி போதும்.

நான் பணியில் இருந்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். நான் ஊருக்கு வந்திருந்த வாரம், தற்காலிகப் பையன் ஒருவனை வைத்துக் கூண்டு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஓர் ஆராய்ச்சி மாணவரின் இரண்டு கூண்டுச் சீட்டுகள் கழுவுமிடத்து ஜன்னலில் கிடக்கின்றன. கூண்டுகளில் ஒன்றும் இல்லை. எலிகளின் உடம்பில் வைத்த மஞ்சள் குறியும் மங்கிப்போயிருந்தது. மாணவர் அழாத குறை. கைடு வந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். "எடை போடு. கனமாக இருப்பது மருந்து சாப்பிட்ட கூண்டு. அப்படியே சீட்டு எழுதி வை" என்றார்.

மருந்து எடையைக் கூட்டுமா என்று கண்டுபிடிக்கத்தான் அந்த ஆராய்ச்சியே. பதிலை முதலிலேயே எழுதி வைத்துவிட்டுக் கேள்வி கேட்பது என்ன நியாயம்? எழுத மாட்டேன் என்றேன். "நீ என்ன விஞ்ஞானியா?" என்றார். இல்லை சார், சீட்டு எழுதுகிறவன், என் கையெழுத்தில் பொய் வராது என்றேன். அவர் வேறொருவரை வைத்து எழுதிக்கொண்டார். பட்டம் கிடைத்தது. எனக்கு அடுத்த இரண்டு வருஷம் லீவு கேட்டால் இழுத்தடிப்பு கிடைத்தது. அந்தப் பன்னிரண்டு எலிகளும் என்ன ஆயின? எல்லா எலிகளையும் போல முடிவில் கொல்லப்பட்டன. ஒன்றையும் சொல்லாமல், ஒன்றுக்கும் உதவாமல் செத்தன. எலியைக் கொல்லும் ஆராய்ச்சி வேண்டுமா வேண்டாமா என்பது பெரிய வாதம். அதில் நல்லவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் கொல்வதாக இருந்தால் வீணாகக் கொல்லாதே என்பதில் யாருக்கு வாதம் இருக்க முடியும்?

இன்னொன்று. அங்கே என்னோடு வேலை பார்த்த ஒருவரை எலி கடித்தது. கடிப்பது புதிதில்லை, எங்கள் எல்லார் விரலிலும் தழும்பு உண்டு. ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: "அந்த எலிக்கு என்ன ஊசி போட்டிருந்தார்கள்?" கூண்டில் எழுதியிருந்தது 'ஜி நான்கு.' பொறுப்பாளர் வெளியூரில். போன் நம்பர் சீட்டில் இல்லை. கிருமியா, ரசாயனமா, வெறும் உப்புத் தண்ணீரா என்று தெரியாமல் அந்த மனிதர் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். மூன்றாம் நாள் "அது ஒன்றுமில்லை, கன்ட்ரோல்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவர் பெண்டாட்டி சிரிக்கவில்லை. கூண்டில் கை விடுகிறவனும் மனிதன் என்று நினைத்தால் சீட்டு தானாக வரும்.

உடம்பில் வைக்கும் குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே கூண்டில் இருக்கும் எலிகளைத் தனித்தனியாக அடையாளம் காண நம் நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் பிக்ரிக் ஆசிட் கரைசல்தான். பஞ்சில் தொட்டுத் தலையில் ஒன்றுக்கு, முதுகில் ஒன்றுக்கு, வாலடியில் ஒன்றுக்கு என்று தடவினால் வெள்ளை மயிர் மஞ்சளாகும். வலியில்லை, செலவில்லை. ஆனால் மயிர் உதிர்ந்து புதிது முளைத்தால் மஞ்சள் போய்விடும். வாலில் மார்க்கர் கோடு போட்டாலோ சில நாள்தான், நக்கியே அழித்துவிடும். இவற்றை மங்குவதற்கு முன்னால் மறுபடி வைக்க வேண்டும். நீண்ட ஆராய்ச்சிக்குக் காதில் துளை அல்லது சிறு வில்லை. விரல் நுனியை வெட்டி எண் வைக்கும் பழக்கமும் உண்டு. வேறு வழியே இல்லாதபோது, பிறந்து சில நாளான குட்டிகளுக்கு மட்டும்தான் அது என்று விதிகள் கட்டுப்படுத்துகின்றன. குறி வைக்கச் சோம்பல்பட்டு, பிறகு விரலை வெட்டலாமே என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, இது கீழ்நாட்டுக் கல்லூரிக் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? நமக்கு நிறைய இருக்கிறது.

அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். முடவாட்டுக்கால் சூப் விற்காத இடம் இல்லை. ஆட்டுக்கால் போல மயிர் மூடிய அந்தக் கிழங்கைப் பாறையிலும் மரத்திலும் இருந்து எடுத்து விற்றுப் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. மூட்டு வலிக்கு நல்லது என்பது நம் பாட்டன் காலத்துப் பேச்சு. நானும் குடிக்கிறேன், மிளகு தூக்கலாகப் போட்டால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இப்போது பேச்சு மாறிவிட்டது. "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்கிறார்கள். எந்த ஆராய்ச்சி? எலி ஆராய்ச்சி. நம் மலை மூலிகைகளைத் தேடி வருஷா வருஷம் பிள்ளைகள் பை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பொடியாக்கிச் சாறு எடுத்து எலிக்குக் கொடுக்கிறார்கள்.

அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். எலியின் பின்னங்காலில் கராஜீனன் என்ற கடற்பாசிப் பொருளை ஊசியில் ஏற்றுவார்கள். பாதம் வீங்கும். எவ்வளவு வீங்கியது என்று பாதத்தைத் திரவத்தில் முக்கி அளப்பார்கள். பொதுவாகக் குழுவுக்கு 6 எலி. ஒரு குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒரு குழுவுக்கு வீக்கம் மட்டும். ஒன்றுக்கு டைக்ளோபினாக் போன்ற தெரிந்த மருந்து. ஒன்றுக்கு நம் கிழங்குச் சாறு கொஞ்சம், இன்னொன்றுக்கு அதிகம். ஐந்து குழு, 30 எலி. இதில் மருந்துக் கூண்டின் மூடியும் சாற்றுக் கூண்டின் மூடியும் கழுவுமிடத்தில் மாறிப்போனால், டைக்ளோபினாக் செய்த வேலை கிழங்கின் கணக்கில் ஏறும். 'மலைக் கிழங்கு ஆங்கில மருந்துக்குச் சமம்' என்று ஒரு கட்டுரை வரும். அதை நம்பி ஒரு கிழவி தன் மாத்திரையை நிறுத்துவாள்.

தலைகீழாகவும் நடக்கலாம். உண்மையிலேயே வேலை செய்கிற மூலிகை, சீட்டு மாறியதால் 'பயனில்லை' என்று ஒதுக்கப்படலாம். அப்போது நஷ்டம் யாருக்கு? மலையில் அதைக் காத்து வைத்திருக்கிறவனுக்கு. இந்தக் கிழங்கில் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்ததா இல்லையா என்று காட்டும் ஒரே சாட்சி அந்தச் சீட்டுதான். சாட்சியே வைக்காதவன் 'நிரூபித்தேன்' என்று சொல்லக் கூடாது.

சீட்டு தப்பாக இருப்பது ஒரு வகை. சீட்டில் எழுதும் பெயரே நியாயமில்லாமல் இருப்பது இன்னொரு வகை. அதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு.

1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ஆங்கில அரசாங்க டாக்டர் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அவர் செய்ததில் பேர் போன சோதனை இது. ஒரே வயது, ஒரே எடையுள்ள எலிக்குட்டிகளை இருபது இருபதாகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் இந்தியாவின் ஒரு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டைச் சமைத்துப் போட்டார். குழுக்களின் பெயர்: சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், கூர்க்கா, கன்னடியர், வங்காளி, மதராசி. முடிவில் சீக்கியர் சாப்பாடு தின்ற எலி சராசரி 235 கிராம். மதராசி சாப்பாடு தின்ற எலி 155 கிராம். பட்டியலில் கடைசி நாம்தான்.

மெக்காரிசன் நல்ல விஞ்ஞானி. உடம்பின் வித்தியாசத்துக்குச் சாப்பாடு பெரிய காரணம் என்று காட்டத்தான் அதைச் செய்தார். அரிசியைத் தீட்டித் தவிட்டைப் போக்கித் தின்பதும், பாலும் காயும் குறைவதும் கேடு என்று சொன்னதும் சரிதான். ஆங்கில ஏழைகளின் வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ ஆகியவற்றையும் எலிக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் கூண்டில் எலிகள் நோஞ்சான் எலிகளைக் கொன்று தின்னத் தொடங்கின என்று தன் நாட்டைப் பற்றியும் மறைக்காமல் எழுதினார்.

ஆனால் பெயர்? 'தீட்டிய அரிசி, கொஞ்சம் பருப்பு, பால் குறைவு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மதராசி' என்று எழுதினால், எதைச் சோதித்தோம் என்பது போய் யாரைச் சோதித்தோம் என்றாகிவிடுகிறது. அரிசியின் குற்றம் ஆளின் மேல் ஏறிக்கொள்கிறது. அந்த 'மதராசி'யில் நம் கொல்லிமலை எங்கே இருந்தது? நம் பாட்டன்மார் சாமையும் தினையும் கேழ்வரகும் தின்றார்கள். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் நெல்லுச்சோறு கண்டவர்கள் அவர்கள். தஞ்சாவூர் நெல்லுச்சோற்றுக்காரனுக்கும் வளப்பூர் நாட்டுச் சாமைச்சோற்றுக்காரனுக்கும் சேர்த்து ஒரே பெயர் ஒட்டினால் அது என்ன அடையாளம்? பின்னால் காடெல்லாம் மரவள்ளி ஏறியது, ரேஷன் அரிசி வந்தது, சாமை ஒதுங்கியது. இன்றைக்கு நம் வீட்டில் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடாத பெரியவர் யார்? இப்போது சிறுதானியம் என்று பட்டணத்தில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள்.

அதே மெக்காரிசன் வேறொரு இடத்தில் எவ்வளவு சரியாகப் பெயர் வைத்தார் பாருங்கள். 1926-ல் கோயம்புத்தூர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் விஸ்வநாத்தோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார். ஒரே சிறுதானியம், ஒரு வயலுக்கு மாட்டெரு, ஒரு வயலுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவும் இல்லை. விளைந்ததைச் சோதனைப் பிராணிகளுக்குப் போட்டார்கள். மாட்டெருவில் விளைந்தது சத்தில் மேலாக வந்தது. அங்கே மூட்டையில் வெறும் தானியப் பெயரை எழுதியிருந்தால் ஆராய்ச்சியே இல்லை. எந்த எரு என்று எழுதியதால்தான் அது இன்றைக்கும் பேசப்படுகிறது. என்ன கொடுத்தாய் என்று எழுது. உன் மனதில் இருக்கும் முடிவை எழுதாதே. இதைவிடப் பெரிய இலக்கணம் சீட்டுக்கு இல்லை.

இதெல்லாம் ஏழை நாட்டுக் கஷ்டம், வெள்ளைக்காரன் ஊரில் நடக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் மாடுகளுக்குப் பைத்திய நோய் வந்த காலத்தில், அது ஆடுகளுக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஆட்டு மூளைகளை அரைத்துச் சுண்டெலிகளுக்கு ஏற்றிச் சில ஆண்டுகள் சோதித்தார்கள். பரவியிருக்கிறது என்று வந்தால் நாட்டின் ஆடுகளையே அழிக்க வேண்டி வரலாம் என்கிற அளவுக்குப் பேச்சு இருந்தது. 2001 அக்டோபரில் வேறொரு கூடத்தில் அந்தப் பொருளைச் சரிபார்த்தபோது, அது ஆட்டு மூளையே இல்லை, மாட்டு மூளை என்று வந்தது. சுண்டெலிகள் செத்தது வீண், பணம் வீண், காலம் வீண். சரிபார்க்காமல் விட்டிருந்தால் ஆட்டுக்காரர்களின் பிழைப்பும் போயிருக்கும். பணமும் படிப்பும் எவ்வளவு இருந்தாலும், புட்டியில் இருப்பது என்ன என்று தெரியாவிட்டால் எல்லாம் பூஜ்யம்.

நல்லதும் சொல்ல வேண்டும். குன்னூரில் தொடங்கிய அந்த விஸ்டார் எலிக் கூட்டம் ஹைதராபாத்துக்குப் போய், தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்து இன்றும் வளர்க்கப்படுகிறது. அதில் தானாகவே உடல் பெருத்த எலிகள் தோன்றின. எந்தத் தாய், எந்தத் தகப்பன், எந்த ஈற்று என்று எழுதி வைத்திருந்ததால் அதைத் தனி வம்சமாகப் பிரித்து உடற்பருமன் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த முடிந்தது. சீட்டில்லாத கூடத்தில் அது வெறும் குண்டெலி. இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். முதல் வாதம்: "அளக்கிறவருக்கு எது மருந்துக் கூண்டு என்று தெரியக் கூடாது; அதனால்தான் ஜி ஒன்று, ஜி இரண்டு." சரியான கொள்கை. நான் மறுக்கவில்லை. தெரிந்தால் கை தானாகவே ஒரு பக்கம் சாயும். ஆனால் அளக்கிறவருக்கு மறைப்பது வேறு, எழுதாமலே விடுவது வேறு. குறியீடு இருக்கட்டும்; அதற்கான திறவுகோலைப் பொறுப்பான இன்னொருவர் ரெஜிஸ்டரில் எழுதிப் பூட்டி வைக்கட்டும். ஆபத்து என்றால் உடனே திறக்க வழி இருக்கட்டும். இனம், தேதி, எண்ணிக்கை, அனுமதி எண், பெயர், போன் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆபத்தான பொருள் ஏற்றியிருந்தால் அதற்கான எச்சரிக்கை கூண்டிலேயே இருக்க வேண்டும். எங்கள் ஆளைக் கடித்தபோது திறக்க ஒரு ரெஜிஸ்டரும் இல்லை.

இரண்டாம் வாதம்: "இனிமேல் எல்லாம் பார்கோடு, கம்ப்யூட்டர், தோலுக்கடியில் சிப்." வரட்டும், சந்தோஷம். ஆனால் பார்கோடு மூடியில் ஒட்டியிருந்தால் அதுவும் மூடியோடுதான் கழுவப் போகும். கரண்ட் போன ராத்திரியில் கூண்டில் கை விடுகிறவனுக்குக் கண்ணால் படிக்கிற மாதிரி நான்கு வரி வேண்டும். கருவி சோம்பேறியைத் திருத்தாது. தப்பை வேகமாகச் செய்ய உதவும், அவ்வளவுதான்.

மூன்றாம் வாதம்: "ஆள் இல்லை, காசு இல்லை." ஓர் அட்டையும் ஒரு பென்சிலும் என்ன விலை? இல்லாதது காசு இல்லை. கூண்டு கழுவுகிறவனுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் மனசுதான் இல்லை. அவனைத் தினக்கூலிக்கு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, பெயர்கூடக் கேட்காமல் வேலை வாங்கிவிட்டு, முழு ஆராய்ச்சியையும் அவன் ஈரக் கையில் கொடுக்கிறார்கள். கட்டுரையில் ஆறு பேர் பெயர் வருகிறது. அவன் பெயர் நன்றி உரையில்கூட வருவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிட 1964-ல் ஒரு குழு அமைந்தது. 1998-ல் விதிகள் வந்தன. அந்தக் குழுவின் அலுவலகமே பல காலம் நம் சென்னை திருவான்மியூரில்தான் இருந்தது. சோதனை நடக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிக்குழு இருக்க வேண்டும். அதில் விஞ்ஞானிகளோடு கால்நடை மருத்துவர் ஒருவரும், விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி.

இதைத்தான் உங்களிடம் கேட்டுக்கொள்ள வந்தேன். இதைப் படிப்பவர்களில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்கள், வங்கி மேனேஜர்கள், தாசில்தார்கள் இருக்கிறீர்கள். நாமக்கல், சேலம், ஈரோடு பக்கம் பார்மஸிக் கல்லூரிக்குக் குறைவில்லை. அந்தச் சமூக அக்கறையுள்ளவர் நாற்காலி உங்களில் யாருக்காவது வரலாம். வந்தால் மீட்டிங் ஹாலில் முந்திரி பிஸ்கட் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். "கூடத்தைத் திறங்கள்" என்று சொல்லுங்கள். ஏதாவது பத்துக் கூண்டின் முன்னால் நின்று சீட்டைப் படியுங்கள். உள்ளே எத்தனை எலி என்று எண்ணுங்கள். சீட்டில் எத்தனை என்று பாருங்கள். சீட்டு மூடியில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அங்கே நிற்கும் கூலி ஆளிடம், "தம்பி, இது உன்னைக் கடித்தால் யாருக்குப் போன் பண்ணுவாய்?" என்று கேளுங்கள். இதற்கு எலி சாஸ்திரம் படித்திருக்க வேண்டாம்.

நாற்காலி வராதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பேத்திக்கு ஒரு மாதிரிச் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அவள் கைடு என்ன சொல்வாரோ தெரியாது. சொன்னால் என்னிடம் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி அவர் வந்தால் ஒரு சூப் வாங்கிக் கொடுத்துப் பேசத் தயார்.

ஒரு வார்த்தை மட்டும் அவருக்கு இப்போதே. அந்த எலி உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. உயிரைத் தருகிறது. அது யார், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள், என்றைக்குச் செய்தீர்கள் என்று ஓர் அட்டையில் உண்மையாக எழுத முடியாவிட்டால், அதன் மேல் கை வைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.